மெட்டின் இரண்டாவது வரி

கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் பியூலா தூங்கிவிட்டாள், அதுவும் என் தோளில், பள்ளிக்கூடத்துப் பிக்னிக் பஸ்ஸில் தூங்கினது மாதிரியே வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஐம்பத்தைந்து வயதுக்காரி இப்படி அடுத்தவள் தோளில் தலையைப் போட்டுத் தூங்க எங்கிருந்து தைரியம் வருகிறதோ, எனக்கு வராது, நான் பஸ்ஸில் தூங்கினால் கம்பியில் நெற்றியை இடித்துக்கொள்வேன், யார் தோளும் எனக்குத் தோளாகத் தோன்றாது. ஜன்னல் பக்கம் நான். ஜன்னல் போர்த்துகீசியச் சொல். சாவியும் அப்படித்தான், அலமாரியும். இதைப் போன செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னேன், பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள், எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒருத்தி அப்போ நம்மகிட்ட ஜன்னலே இல்லையா டீச்சர் என்று கேட்டாள், இருந்தது, வேறு பேரில் இருந்தது என்றேன். பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷமாக வரலாறு சொல்லித் தருகிறேன், தினமும் கூட்டத்தில் ஒரு நிமிடம் ஏதாவது துணுக்கு சொல்வேன், அதனால் எனக்கு மெர்சி டீச்சர் என்ற பேர் போய்த் துணுக்கு டீச்சர் என்று ஆகிவிட்டது, பேர்கூட எனக்கு அடுத்தவர்கள் சொன்னதுதான் ஒட்டுகிறது. பியூலாவின் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. சாயம் அடிப்பதில்லை அவள், நரைத்த முடி அவளுக்குப் பொருந்தியும் தொலைக்கிறது. சூரியன் இப்போதுதான் பனைகளுக்கு மேலே ஏறுகிறது, நாம் பார்க்கிற சூரியன் எட்டு நிமிடம் பழையது, வெளிச்சம் வந்து சேர அவ்வளவு நேரம், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று எட்டு நிமிடம் கழித்துத்தான் தெரியும், நான் பியூலாவைப் பார்க்கும்போது நாற்பது வருஷம் பழைய பியூலாவைப் பார்க்கிறேன், அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்பது எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மடியில் கைப்பை, கைப்பைக்குள் டைரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. அப்பாவின் ஆபீஸில் கொடுத்த டைரி, பச்சை அட்டை, அதற்காகத்தான் நான் மதுரைக்குப் போகிறேன், எனக்காக இல்லை. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியூலா போனில் கூப்பிட்டாள், ஏட்டி மெர்சி, டிவியில நம்ம பாட்டு ஓடுது, டீத்தூள் விளம்பரத்துல, ஓடிப்போய்ப் போடு என்றாள், நான் போட்டேன், ஒரு பெண் ஆவி பறக்கிற தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைக்கிறாள், வெளியே மழை, பின்னால் அந்த மெட்டு. நாங்கள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டுவிழா நாடகத்துக்காகப் போட்ட மெட்டு, மழை கேட்டுப் பெண்கள் பாடுகிற இடம். அன்றைக்கு யாரோ கேசட்டில் பதிந்தது, யாரோ அதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் யூடியூபில் ஏற்றியது, அங்கிருந்து சென்னையில் யாரோ எடுத்தது, இப்போது தேடினால் அங்கே இல்லை. பியூலா வக்கீல் வைத்துக் கேட்டதற்கு, விளம்பரம் செய்த கம்பெனி, இது காலங்காலமாக ஊரில் பாடுகிற மெட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்று பதில் எழுதிவிட்டது. பியூலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மெர்சி, யாருக்கும் சொந்தமில்லைன்னு எழுதியிருக்கான் பாரு, அது எப்படி எழுதலாம் என்றாள். வக்கீல் கேட்டிருக்கிறார், அந்தக் காலத்தில் எழுதிவைத்தது ஏதாவது உண்டா என்று. பியூலா எதையும் எழுதிவைக்கிறவள் இல்லை. மெர்சி எழுதியிருப்பா சார், அவ அப்பவே எல்லாத்தையும் எழுதுவா என்று சொல்லியிருக்கிறாள். ஆமாம், எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். ஆனால் டைரியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தேனே தவிர இன்னும் திறக்கவில்லை, நாலு மாசமாகத் திறக்கவில்லை, நாற்பது வருஷமாகவே திறக்கவில்லை.

ஏனென்றால் மெட்டுக்கு இரண்டு வரி. முதல் வரி பியூலாவுடையது, சந்தேகமில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே பாடினாள், குழாயடியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கி வருகிற வரி அது, படியில் இறங்குகிற மாதிரி. இரண்டாவது வரி ஏறும், ஏறின இடத்தில் ஒரு மூச்சு நிற்கும், பிறகு வழுக்கி இறங்கும். அது சாயங்காலம், சைக்கிள் ஸ்டாண்டில், என் சைக்கிளில் செயின் கழன்றுபோய் நான் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் செயினின் கறுப்பு மை, வாய்க்குள் ஏதோ முனகினேன், பியூலா சட்டென்று தலையைத் திருப்பினாள். அந்தத் தலை திரும்பினது எனக்கு அப்படியே இருக்கிறது, இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அவள் அதைத் திருப்பிப் பாடினாள். நான் முனகினதைத்தான் பாடினாள். அப்படித்தான் நினைவு. அப்போது அந்த வழியாக வந்த பாட்டு டீச்சர் கனகமணி அதைக் கேட்டுவிட்டு, பியூலா, உனக்கு ஆண்டவர் தொண்டையில் என்ன வைத்தாரோ என்றார்கள், நோட்டீஸில் மெட்டு: பியூலா, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு என்று அச்சாகி வந்தது, அந்த நோட்டீஸ் இப்போது யாரிடமும் இல்லை, நான் மேடைக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் குடம் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு பியூலாவுக்குச் சர்ச் கொயர், பியூலாவுக்குக் கல்லூரி மேடை, பியூலாவுக்குப் பாட்டைக் கேட்டுப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை. எனக்கும் கல்யாணம் ஆனது, நல்ல மனிதர், அவருக்கு என்னை எதற்காகப் பிடித்தது என்று கேட்டதில்லை, பாட்டுக்காக இல்லை என்பது மட்டும் தெரியும். டீ விளம்பரத்தில் எது வருகிறது? இரண்டாவது வரி. முதல் வரி இல்லவே இல்லை. ஊரெல்லாம் முனகிக்கொண்டு திரிவது இரண்டாவது வரியை. என் தோளில் தூங்குகிறவள் என்னுடையதைத் தன்னுடையது என்று வாங்கப் போகிறாள், வாங்கித் தரச் சாட்சியாக என்னையே கூட்டிக்கொண்டு போகிறாள், வழிச்செலவுக்கு முறுக்குப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு.

கயத்தாறு. காற்றாலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் சுற்றுகின்றன. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, அக்டோபர். இப்படித்தான், எங்கே போனாலும் எனக்குள் ஒரு தேதி வந்து நிற்கும், யோசிக்க வேண்டியதை யோசிக்கவிடாமல். ரயில்காரர்கள் ஒரு காலத்தில் சென்னை நேரத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள், தேசத்துக்கெல்லாம் ஒரே நேரம் என்று ஆனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில்தான். ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிடம். ஒரு மெட்டுக்கு உரிமை எவ்வளவு காலம்? வக்கீல் போனில் சொன்னார், உண்டாக்கினவர் உயிரோடு இருக்கிற வரைக்கும், செத்த பிறகு இன்னும் அறுபது வருஷம் டீச்சர். அறுபது வருஷம். பியூலா செத்து, அவள் பிள்ளைகளுக்குப் பல் விழுந்து, அதற்குப் பிறகும் அது பியூலாவுடையது. நான் ஒரு ஆசையில் கேட்டேன், சார், நான் தினமும் பிள்ளைகளுக்குத் துணுக்கு சொல்கிறேன், நோட்டு நோட்டாகச் சேர்த்திருக்கிறேன், அதற்கு உரிமை உண்டா? அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை டீச்சர், சூரியன் எவ்வளவு தூரம்கிறது யாருக்குச் சொந்தம், நீங்க எழுதின விதத்துக்கு வேணும்னா உண்டு. பன்னிரண்டு நோட்டு. அதில் ஒரு வரிகூட என்னால் உண்டானது இல்லை. குயில் கூவுவது ஆண், பெண் குயில் புள்ளி புள்ளியாகப் பழுப்பாக இருக்கும், கிக் கிக் என்று கத்தும், அவ்வளவுதான், ஆனால் கேட்கிறவர்கள் எல்லாம் பெண் பாடுகிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பேர் தப்பான ஆளுக்குப் போவது புதுசில்லை. பொறாமை என்ற சொல்லைப் பிரித்தால் பொறுக்க முடியாமை, அவ்வளவுதான், பாரம் தாங்காமல் போவது, அதில் கெட்ட அர்த்தம் ஒன்றும் இல்லை என்று ஒரு நாள் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களோ என்று இருந்தது. அவள் தலை கனக்கிறது. நகர்த்தலாம். நகர்த்தினால் விழித்துக்கொள்வாள், விழித்தால் சிரிப்பாள், ஸாரிட்டி, தோள் வலிச்சிருக்குமே என்பாள், அதற்கு இந்தப் பாரமே தேவலை. ஒன்று செய்யலாம். அந்தப் பக்கம் கிழிந்துவிட்டது என்று சொல்லலாம். கரையான். நாற்பது வருஷத்தில் எதைத்தான் கரையான் விடும், யாருக்கும் சந்தேகம் வராது. அல்லது பக்கத்தைக் காட்டி, சார், இரண்டாவது வரி என்னுடையது என்று சொல்லலாம், பக்கத்தில் அப்படி எழுதியிருந்தால். எழுதியிருக்கும். எழுதியிருக்காதா? அன்றைக்கு ராத்திரியே எழுதினேன், விரலில் மை போகாமல் இருந்தது, பக்கத்தின் ஓரத்தில் கறை இருக்கும். கறை நினைவிருக்கிறது. எழுத்து நினைவில்லை. கறை நினைவிருக்கிறவளுக்கு எழுத்து எப்படி நினைவில்லாமல் போகும்?

சாத்தூர் தாண்டி ஒரு ஓட்டலில் பஸ்ஸை நிறுத்தினார்கள், பத்து நிமிடம் என்றார் கண்டக்டர். பியூலா விழித்தாள். “ஸாரிட்டி, உன் தோளு மரத்துப்போயிருக்குமே.” பிறகு, “வா, டீ குடிப்போம். நாமளே அந்தக் கம்பெனி டீயைக் குடிக்காம இருந்தா சரி.” எனக்கு வேண்டாம், நீ போய்ட்டு வா என்றேன். அவள் இறங்கிப் போனாள், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டி, டீக்கடைக்காரரிடம் ஏதோ சொல்கிறாள், அவர் சிரிக்கிறார், பார்த்த நிமிடத்தில் எல்லோரையும் சிரிக்கவைக்கிறாள், நான் அந்தக் கடையில் முப்பது தடவை டீ குடித்திருக்கிறேன், அவர் என்னிடம் சில்லறையாகக் கொடுங்க என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ்ஸில் நானும் முன் சீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரியும்தான். டைரியை எடுத்தேன். ஜனவரி, பிப்ரவரி என்று புரட்டி வரவேண்டியதில்லை, கை தானாக இடத்துக்குப் போய்விட்டது, கறை இருந்தது, கட்டைவிரல் அளவு, பழுப்பாக. நீல மை. என் பதினைந்து வயது எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் தலை பெரிசாக. இன்று பியூலா மழைப் பாட்டுக்கு மெட்டு போட்டாள். முதல் வரி மத்தியானம். இரண்டாவது வரி சைக்கிள் ஸ்டாண்டில். நான் மூன்று விதமாகப் பாடிக் காட்டினேன். மூன்றும் நன்றாக இல்லை, எனக்கே தெரிந்தது. அவள் ஒரே தடவை பாடினாள், அதுதான். கனகமணி டீச்சர் நோட்டீஸுக்குப் பேர் கேட்டார்கள், பியூலா என் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிச்சை போடுகிறாளா? அதற்குக் கீழே ஸ்வரங்கள், இரண்டு வரியும், நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

வேறொன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன், மறுநாள் கணக்குப் பரீட்சை. திரும்பவும் வந்தேன். நான் முனகினது உண்மை, அவள் தலை திருப்பினது உண்மை, ஆனால் நன்றாக இருந்து திருப்பவில்லை. பாவம் பார்த்துத் திருப்பியிருக்கிறாள். இத்தனை வருஷமாக நான் எடுத்து எடுத்துப் பார்த்துப் பத்திரமாக வைத்திருந்தது அவளுடைய இரக்கத்தை, என்னுடைய மெட்டை அல்ல. பேரும் சேர்க்கிறேன் என்றாள், அதையும் மறந்துவிட்டு, அவள் சேர்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன், எப்படி முடிகிறது, வரலாறு சொல்லித் தருகிறவள் நான், ஆதாரம் ஆதாரம் என்று கரும்பலகையில் எழுதுகிறவள். குழந்தைக்காரி திரும்பிப் பார்த்து, அக்கா, தண்ணி இருக்கா என்றாள், கொடுத்தேன். பியூலா ஏறி வந்தாள், கையில் காகிதத் தம்ளர், “உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன், இஞ்சி போட்டது, உனக்குப் பிடிக்குமே” என்றாள். பிடிக்கும். குடித்தேன், நாக்கு பொத்துப்போனது. “டைரியைப் பார்த்தியா?” என்றாள். “இருக்கு” என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. விருதுநகர் வந்தது, திருமங்கலம் வந்தது, எனக்கு ஒரு தேதியும் வரவில்லை, ஒரு துணுக்கும் வரவில்லை, வெளியே வெறும் சாலைதான் இருந்தது. இன்னும் கரையானைச் சொல்லலாம் என்று ஒரு தடவை தோன்றியது. இரண்டாவது தடவையும் தோன்றியது.

வக்கீல் சங்கரலிங்கத்தின் ஆபீஸ் மாடியில், படி ஏறும்போது பியூலாவுக்கு மூச்சு வாங்கியது, நான் முன்னால் ஏறினேன், அதில்கூட ஒரு அற்ப சந்தோஷம். நாற்பது வயதுக்காரர், மேசை நிறையக் கட்டுகள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பியூலாவைப் பார்த்து, “அம்மா, சத்தியப் பிரமாணத்தில் எழுதப் போறது. உங்க வாயால சொல்லுங்க. இந்த மெட்டை யார் போட்டது?” என்றார்.

பியூலா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், “ரெண்டு பேரும்தான் சார். முதல் வரி நான். ரெண்டாவது வரி மெர்சி.”

தினம் நடக்கிற விஷயத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். நிஜமாகவே அப்படித்தான் அவளுக்கு நினைவா, அல்லது மறுபடி கொடுக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை, அவள் முகத்தில் எப்போதும் எதுவும் எழுதியிருக்காது, வெறும் முகம்தான் இருக்கும். நாற்பது வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது. கேட்டாகிவிட்டது. தலையை ஆட்டினால் போதும், பையைத் திறக்கவே வேண்டாம், காகிதத்தில் என் பேர் ஏறும், நான் செத்து அறுபது வருஷம் இருக்கும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் நோட்டீஸுக்குப் பேர் கேட்டபோது வந்த அதே எண்ணம் வந்தது, அவள் கொடுத்து நான் வாங்குவதா.

“இல்ல சார்” என்றேன். “ரெண்டு வரியும் அவதான்.” டைரியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். நல்லவளாக இருந்து வைக்கவில்லை. வைத்த பிறகுதான் பக்கத்தில் இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்பது உறைத்தது, மூடுவதற்குள் பியூலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் கண் வரி வரியாக இறங்குவதைப் பார்த்தேன். கறைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“பிச்சையாட்டி?” என்றாள், வக்கீலுக்குக் கேட்காத குரலில்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

சங்கரலிங்கம் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். “நல்ல ஆதாரம். ஆனா ஜட்ஜுக்கு ஸ்வரம் படிக்கத் தெரியாது. பாடிப் பதிஞ்சிடலாம். அம்மா, நீங்க பாடுங்க” என்று போனைப் பியூலாவுக்கு முன்னால் வைத்தார்.

பியூலா பாடினாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் ஏறினாள், நிற்கவில்லை, நேரே வழுக்கி இறங்கிவிட்டாள், டீ விளம்பரத்தில் எப்படி வருகிறதோ அப்படி.

“அங்க நிக்கணும்” என்றேன்.

மறுபடி பாடினாள், மறுபடி நிற்காமல் வந்தது. மூன்றாவது தடவையும். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு பயத்தைப் பார்த்தேன். “எனக்கு இப்படித்தான் வருது, மெர்சி. டிவியில கேட்டுக் கேட்டு அதுவே ஏறிப்போச்சு.”

“நீங்க பாடிக் காட்டுங்க டீச்சர்” என்றார் வக்கீல்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பிறகு நான் யார் முன்னாலும் தனியாகப் பாடினதில்லை. என் குரல் கீச்சுக் குரல், வகுப்பில் கத்திக் கத்திப் போன குரல். பாடினேன். முதல் வரி இறங்கியது, இரண்டாவது ஏறியது, ஏறின இடத்தில் ஒரு மூச்சு நின்றேன், பிறகு இறங்கினேன், ஒரு இடமும் பிசகவில்லை. பிசகாது. சமைக்கும்போது, பேப்பர் திருத்தும்போது, அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட, இது என்னுடையதுதானா என்று உள்ளே பாடிப் பாடிப் பார்த்திருக்கிறேன், போட்டவள் மறக்கலாம், நான் எப்படி மறப்பேன். பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“இப்படியா இருந்துச்சு” என்றாள் பியூலா. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எனக்கு மறந்தே போச்சு. இன்னொரு தடவை பாடு. மெதுவா.”

பாடினேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே கூடப் பாடினாள், வகுப்பில் மக்குப் பிள்ளை பாடுகிற மாதிரி, அரை மூச்சு பின்னால். அடுத்த தடவை சேர்ந்து நின்றோம். அதற்கடுத்த தடவை நான் நிறுத்திவிட்டேன், அவள் தனியாகப் பாடினாள். ஏறினாள், நின்றாள், சரியாக நின்றாள், இறங்கும்போது நேரே இறங்கவில்லை, பாதியில் திரும்பி மேலே ஒரு சின்னத் தொடல் தொட்டுவிட்டு இறங்கினாள். எண்பத்து நாலில் இது இல்லை. டீ விளம்பரத்திலும் இல்லை. இப்போது, இந்த அறையில், அவளுக்கே தெரியாமல் வந்தது, பழசைவிட நன்றாக இருந்தது.

“கடைசில ஏதோ மாறிச்சே” என்றார் சங்கரலிங்கம்.

“மாறிச்சா?” என்றாள் பியூலா.

நெஞ்சு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. கேஸுக்கு இதற்கு முந்திப் பாடினதே போதும் சார் என்றேன், அவருடைய பேனாவைக் கேட்டு வாங்கினேன், டைரியில் ஸ்வரங்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அவளை இன்னொரு தடவை பாடச் சொல்லிவிட்டு, அந்தத் தொடலை ஸ்வரமாக எழுதினேன், இன்றைய தேதியைப் போட்டேன், பக்கத்தில் பியூலா என்று எழுதினேன்.